பொட்டாசியமும் வாசல் கம்பியும்

மாட்டுங்கா ஷ்யாமளா எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு 1964இல் பம்பாய் செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். குரல் உயர்த்தாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். மறுவருஷம் ஒரு ஜூலை மத்தியானத்தில் அந்தப் பெயர் போயிற்று.

முற்றத்தில் தண்ணீர் நிரம்பிய பீப்பாய். பக்கத்தில் இடுக்கியோடு தாராவி சுயம்பு. மிச்சமாகும் சோடியத்தைச் சின்னச் சின்னத் துண்டாகத் தண்ணீரில் போட்டுத் தீர்ப்பது அவன் வேலை. அன்று இடுக்கியில், மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட, எலுமிச்சை அளவு பொட்டாசியம். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"சுயம்பு, போடாதே!" ஷ்யாமளா படியிலிருந்தே கத்தினாள்.

மேற்பார்வையாளர் சந்திரமௌலி சிரித்தார். "என்னம்மா, மீன் மார்க்கெட்டா இது? சோடியம் அணுவோட நியூக்ளியஸ்ல பதினொரு புரோட்டான். இதுல பத்தொம்பது. எலக்ட்ரானை இறுக்கிப் பிடிச்சுக்கும். இது அதைவிடச் சாது."

"இல்லை சார். நடுவுல பதினெட்டு எலக்ட்ரான் நின்னுண்டு அந்த இழுப்பை மறைக்கறதே!"

"சோடியத்துலயும் பத்து மறைக்கறது."

"அதான் சார். ரெண்டுலயும் கடைசி எலக்ட்ரானுக்கு எட்டற இழுப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா பொட்டாசியத்துல அது இன்னும் ஒரு சுத்து தள்ளி இருக்கு. சட்டுனு கழண்டுடும், தண்ணியில பட்டா வெடிக்கும்."

இடுக்கி பீப்பாய்க்கு மேலேயே நின்றது. ஷ்யாமளா அவன் பக்கம் திரும்பினாள். "குர்லா லோக்கல் ரயில்ல நீ எங்கே நிப்பே?"

"வாசல்லதாம்மா தொங்குதேன்."

"உள்ளேயிருந்து சிநேகிதன் கையைப் பிடிச்சு இழுத்தா?"

"எங்க இழுக்க! நடுவுல நிக்கவனுவ வெளியதான தள்ளுதானுவ." சுயம்பு இடுக்கியின் நுனியைப் பார்த்தான். "அப்போ இதுவும் தொங்குத ஆளா?"

"உன்னைவிடத் தள்ளித் தொங்கறது."

அவன் துண்டை மண்ணெண்ணெய் ஜாடிக்குள் இறக்கிவிட்டான்.

"யாருடா உள்ளே வைக்கச் சொன்னா?" சந்திரமௌலி அதட்டினார்.

"சார், நீங்க பஸ்ல வாரவுக. ஒங்களுக்கு வெளங்காது."

சந்திரமௌலிக்கு முகம் சிவந்தது. இடுக்கியைப் பிடுங்கினார். "நானே போடறேன்."

"பயறளவு துணுக்கு போதும் சார். தூர நின்னு எறியுங்கோ."

ஜாடியின் அடியில் கிடந்த துணுக்கை எடுத்து எறிந்தார். தண்ணீரைத் தொட்டதும் ஊதா நிறத்தில் தீ. அடுத்த கணம் படீரென்று வெடித்து, பொறி பீப்பாயைத் தாண்டி, சற்றுமுன் சுயம்பு நின்ற இடத்தில் விழுந்தது. மூவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

சந்திரமௌலி ஜாடிக்குள் கிடந்த எலுமிச்சைத் துண்டைப் பார்த்தார்.

"மூடியைப் போடுடா" என்றார்.

அன்று சாயங்காலமும் சுயம்பு ரயில் வாசலில் தொங்கிக்கொண்டுதான் போனான், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி.