மூச்சு விடாத நிறுத்தம்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்த பெயர் ‘ப்ரேக்’. பேருந்தை அடிக்கடி நிறுத்துவதால் அல்ல; குர்ஆன் ஓதும்போது நிறுத்துவதால்.

ஊரெல்லாம் ஓதுவது ஒரு விதம். இவர் பிடித்துக்கொண்டது இன்னொன்று: ஹம்ஸா என்ற இமாமின் ஓதல். அதைக் கலஃப் என்பவர் கற்றுப் பிறருக்கும் கற்றுக்கொடுக்க, தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. அதில் நீட்ட வேண்டியதைத் தாராளமாக நீட்ட வேண்டும். பூமியைக் குறிக்கும் ‘அல்அர்ள்’ போன்ற சொல் வந்தால் ‘அல்’ முடிந்ததும் ஒரு கணம் நிற்க வேண்டும். மூச்சு மட்டும் விடக்கூடாது. வண்டி கழுவும்போதும் இதே பயிற்சிதான். வீட்டில் நான் வெங்காயம் நறுக்கியபடி கேட்பேன். அவர் நின்றால் என் கத்தியும் நிற்கும். நல்ல ஜோடி!

ஓதுபவர் மறந்து நின்றால் பின்னால் இருப்பவர் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது எங்கள் பழக்கம். வினையே அதுதான். போன வருடம் இவர் தனக்கு ஓதக் கற்றுத்தந்த உஸ்தாத் முன்னால் முழுக் குர்ஆனையும் ஓதிக்காட்டி, கடைசிப் பகுதிவரை வந்துவிட்டார். ‘அல்’ என்று நின்றதும் என் அண்ணன் பாசம் பொங்க, “அர்ள்... அர்ள்...” என்றான். இவர் பதறிப்போய் ஊர் முறைக்கு நழுவிவிட்டார். இரண்டையும் கலந்தால் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் அனுமதி கிடையாது. முதலிலிருந்து ஓத வேண்டும். அண்ணனோடு நான் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருடம் அதே கூடம், ஓதலில் அதே இடம். ‘அல்’ என்று நின்றார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு என்ன தெரியும்? ஆளாளுக்கு எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார்கள். இவர் அசையவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிற்க வேண்டிய கணம் முழுவதும் நின்று, அதே மூச்சில் ‘அர்ள்’ என்று இறங்கினார். அடடா!

அடுத்த வசனத்திலும் அதே சொல். மறுபடி நின்றார். பக்கத்தில் ஒருவர் வாயைத் திறக்க, என் அண்ணன் துள்ளி எழுந்தான்.

“சும்மா இருங்கப்பா! மச்சான் ஒண்ணும் மறக்கல. ப்ரேக் போட்டிருக்காரு. இப்ப வண்டி வரும் பாருங்க!”

வந்தது. கடைசி வசனம்வரை ஒரு நழுவல் இல்லை.

நபியிடமிருந்து ஹம்ஸா, கலஃப் என்று இறங்கிவரும் பெயர்களை உஸ்தாத் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் என் வீட்டுக்காரர் பெயர். நான் வாய்விட்டு அழுதேன்.

“இனிமே நீங்களும் ஓதிக்கொடுக்கலாம்” என்றார் உஸ்தாத்.

மறுநாளே இவரிடம் கற்றுக்கொள்ள ஒரு மாணவர் வந்து உட்கார்ந்தார். வேறு யார், என் அண்ணன்தான். அவனுக்கு இன்னும் நிற்கத்தான் வரவில்லை.