லொறிக்கு உடம்பு சரியில்லை

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பறித்த இலையைத் தேயிலை பெக்டரிக்கு ஏற்றிப்போகும் கொழுந்து லொறியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், நின்றிருந்த லொறிக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது கையில் இரும்புச் சாவி. யாரோ திணித்திருக்கிறார்கள். இதே வலிப்பு வண்டி ஓடும்போது வந்திருந்தால்? கொழுந்து மூட்டைகளோடு பின்னால் எப்போதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வருவார்கள்.

நுவரெலியா ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வருடம் லொறியைத் தொடக்கூடாது என்றார். பெக்டரியில் சாக்குத் தூக்கினேன். வருடம் முழுக்க வலிப்பு வராததால் அனுமதி தந்தார். ஆனால் மாத்திரை தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. தோட்டத்தை நிர்வகித்த துரை அரைமனதோடுதான் சம்மதித்தார். ஒருநாள் ஓட்ட முடியாமல் போனாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவைத்தார்.

முதல் நாள் பெண்கள் ஏறத் தயங்கினார்கள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாதே. வாய்த்துடுக்கான ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, மாத்திரை போட்டேனா, தூங்கினேனா என்று விசாரித்தாள். ஆமாம் என்றதும் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. போலீஸ் விசாரணை கெட்டது போங்கள்!

மாசி மாதம் நாங்கள் குடியிருந்த லயத்தில் காமன் கூத்து. என் தம்பிதான் மன்மதன் வேடம் கட்டினான். எழுந்துபோக மனம் வராமல் விடியும்வரை பார்த்தேன். மறுநாள் மூட்டை ஏற்றும்போது அந்த வாய்த்துடுக்குக்காரி வழக்கம்போல் கேட்டாள். துரை சொன்னது ஞாபகம் வந்தது.

"மாத்திரை போட்டேம்மா. தூங்கல," என்றேன்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப எறங்குங்கண்ணே. போய்ப் படுங்க. கொழுந்த நாங்க பாத்துக்கிறோம்."

அத்தனை பேரும் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் பெக்டரிக்கு இறங்கினார்கள். இத்தனைக்கும் அவர்களும் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள்தான். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா லொறி எங்கே என்று கேட்டதற்கு, "லொறிக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லைங்கய்யா" என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். துரை காதுக்கு எதுவும் போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்த மலைப்பாதையில் லொறி ஓட்டினேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மட்டும் எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.