கறுப்பு பனியனுக்கு ஒரு டார்ச்

வெள்ளை பனியனில் ஓட்டை கண்டுபிடிக்க யாருக்குத்தான் வராது? கறுப்பு வந்தால்தான் செக்கிங் டேபிளில் நிற்பவர்களுக்கு விழி பிதுங்கும். துணியும் கறுப்பு, நூலும் கறுப்பு. ஊசி அறுத்த பொடி ஓட்டை எங்கே தெரியும்? தைத்த பீஸுக்குள் டார்ச்சை விட்டு அடித்தால்தான் உண்டு. அதனால் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மதுமதி, சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு குட்டி டார்ச் வாங்கப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பட்டன் செல் போடுவது. கனமே தெரியாது, மாதக்கணக்கில் வரும், வெளிச்சம்தான் மின்மினி அளவு. இன்னொன்று போன் சார்ஜரில் சொருகுவது. அடித்தால் பளீரென்று கண் கூசும்.

"ஏனுங்க, இது எத்தன நாளைக்கு நிக்குமுங்க?"

"நாளா! முழு வெளிச்சத்துல வெச்சீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே பெருசுங்க. தெனமும் சார்ஜ் போடோணும்."

மதுமதி துப்பட்டாவுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள்.

"தெனமும் சார்ஜ் போடறதெல்லாம் ஒரு வேலைங்களா? இதையே குடுங்க" என்று பளீரையே வாங்கினாள்.

வாங்கினதில் தப்பில்லை. தப்பெல்லாம் மறுநாள் நடந்தது. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பீஸில் கோளாறு தெரிந்தால் தைத்த டெய்லரிடம் கமுக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அவர் ஊசியை மாற்றி வேறு பீஸ் தைத்து வைத்துவிடுவார். சூப்பர்வைசர் காதுக்கே போகாது. மதுமதிக்கும் இது தெரியும். ஆனால் கையில் புது டார்ச் இருக்கிறதே! முதல் பண்டலிலேயே தையல் ஓரம் வரிசையாக ஓட்டைகள் மின்னவும், அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணா, இங்க வாங்க! இந்த லைட்டுல எப்படித் தெரியுது பாருங்க!"

சூப்பர்வைசர் கதிர்வேல் வந்து பார்த்தார். "யாரு தெச்ச பண்டலு இது?"

பக்கத்து டேபிளிலிருந்து யாரோ சொன்னார்கள். "செல்லத்தாயிங்க."

செல்லத்தாய்! சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். மதுமதியை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவளே அவள்தான். கண் மங்கிக்கொண்டு வருகிறது, கண்ணாடி போட்டால் மெஷினை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து, தடவித் தடவித் தைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் மதுமதியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஊசி மழுங்கியது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அவளைப் பிசிறு வெட்டும் டேபிளுக்கு மாற்றிவிட்டார்கள். டெய்லர் சம்பளமும் போச்சு, டெய்லர் என்கிற மரியாதையும் போச்சு. மதுமதிக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, வாயை மூடிக்கொண்டு நாலு எட்டு நடந்துபோய்க் கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்!

மறுநாள் காலையில் அந்த டேபிளுக்குப் போய் நின்றாள். செல்லத்தாய் கறுப்பு பனியனில் கறுப்புப் பிசிறைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நாந்தானுங்க..."

"அத விடுட்டி. ஓட்டை இருந்துச்சு, நீ சொன்ன. ஒன் லைட்டச் செத்தக் குடு. பிசிறு கண்ணுக்கே ஆப்பிட மாட்டேங்கு."

மதுமதி சாவியைக் கழற்றிக்கொண்டு டார்ச்சை நீட்டினாள். "நீங்களே வெச்சுக்கங்கக்கா."

செல்லத்தாய் அதை அடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நல்ல லைட்டாத்தான்ட்டி பாத்து வாங்கிருக்க!"

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மதுமதிக்கு.

சாயங்காலம் செல்லத்தாய் அணைந்துபோன டார்ச்சைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "எங்க ரூம்ல இருக்கது ஒரே பிளக்கு, அதுலயும் எப்பவும் எவ போனாவது தொங்கும். நீயே சார்ஜ் போட்டுக் கொண்டாந்துரு, என்ன?"

அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. வீட்டுக்குப் போனதும் புருஷனின் போனைப் பிடுங்கிவிட்டு மதுமதி முதலில் டார்ச்சைத்தான் சொருகுகிறாள். சிவப்பு விளக்கு பச்சையாகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தினமும் சார்ஜ் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கடையில் கேட்டவள் அவள்தான்.