டிரையர்காரர் கைவைத்துப் பார்த்த லேப்டாப்

லேப்டாப் விற்பது பெரிய வித்தை இல்லை. அதை எதற்கு வாங்க வந்தார் என்பதை வாங்க வந்தவருக்கே ஞாபகப்படுத்துவதில்தான் தாவு தீர்ந்துவிடும். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தபடி சிரிக்கப் பழகியவர்களே, என் வேதனை உங்களுக்குத்தான் புரியும். குன்னூரில் பல வருடங்களாக லேப்டாப் விற்பனையும் ரிப்பேரும் செய்கிறேன். இந்த வருடம் என் பொறுமையைச் சோதித்தது ஒரே ஒரு குடும்பம்.

உள்ளங்கை

ஜெகதளாவிலிருந்து ஆரோக்கியசாமி தன் மகள் ஸ்டெல்லாவுடன் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் இலையைக் காயவைக்கும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறவர். ஸ்டெல்லா மொபைல் ஆப் செய்யப் படித்திருந்தாள். சொந்தமாக ஒரு ஆப் செய்து காட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தருவதாகக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. இல்லையென்றால் அங்கே ஹாஸ்டலில் தங்கி ஜவுளிக்கடையில் பில் போட வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

நான் பதினாறு ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று தொண்டை வறள விளக்கினேன். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புகளின் அடியில் ஒவ்வொன்றாக உள்ளங்கையை நுழைத்து, கண்ணை மூடிச் சூடு பார்த்தார். கடைசியில் நாலு ஜிபி ரேம் உள்ள, ஃபேனே இல்லாத ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஆப் எழுதும் சாஃப்ட்வேரை இதில் காலையில் திறந்தால் மதியம்தான் வரும் என்றேன். அவர் அசரவில்லை. "நம்ம குளிருக்கு எதுக்குங்க மேடம் ஃபேனு? எங்க ஊட்டுலயே ஃபேன் இல்லீங்க."

மூன்று சனிக்கிழமைகள்

அவர்கள் கொண்டுவந்த தொகைக்குப் புதிதில் பதினாறு ஜிபி கிடைக்காது. ஆபீஸில் ஓடிய பழையது ஒன்று என்னிடம் இருந்தது. கறுப்பு நிறம், பார்க்கச் சுமார், வேலைக்குச் சிங்கம். ஃபேனைக் கழற்றி நானே சுத்தம் செய்து வைத்திருந்தேன்.

முடிவெடுக்க மூன்று சனிக்கிழமை ஆனது. முதல் வாரம், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர் பெரிய ஸ்கிரீன்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் யாரோ கேமரா முக்கியம் என்றார்கள். மூன்றாவது வாரம், இதை முன்னால் வைத்திருந்தவர்கள் ஏன் விற்றார்கள் என்று ஆரோக்கியசாமி கேட்டார். மூன்று வருடம் ஆனால் கம்பெனிகளில் மாற்றிவிடுவார்கள் என்றேன். ஸ்டெல்லா அதற்குள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துவிட்டாள். அவர் பெருமூச்சு விட்டபடி கேட்டார்: "ஆளுகளையும் அப்படித்தான் மாத்துவாங்களாங்க?"

கம்பளிச் சட்டை

ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியது என் தப்பு. இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாவின் அம்மா பிலோமினா லேப்டாப்போடு வந்தார். அதற்கு அவரே மெரூன் நிறத்தில் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டிருந்தார். கீழே முழுக்க மூடி, கீபோர்டு மட்டும் வெளியே தெரிந்தது. அளவெல்லாம் கச்சிதம், இரண்டு பட்டன் வேறு. நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்கத்தான் பஸ் பிடித்து வந்திருந்தார்.

காற்று போகாது, உடனே கழற்றுங்கள் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "பனியில வெறும் உடம்போட உட்காந்திருக்குதுங்க, பாவமா இல்லீங்களா?"

பொய்

ஸ்டெல்லாவின் ஆப் நிஜமாகவே நல்ல யோசனை. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்பதைப் பார்ப்பவர் ஒரு பட்டனைத் தட்டினால், அந்த வழியாக நடப்பவர்கள் எல்லோருக்கும் தகவல் போகும். லேப்டாப்புக்குள்ளேயே போன் மாதிரி நடிக்கும் ஒரு பொய் போனை ஓட்டிச் சோதிப்பதைவிட, கேபிளில் அப்பா போனையே மாட்டிச் சோதி, ரேம் மிச்சமாகும் என்று யோசனை சொன்னேன். அடுத்த தப்பு.

ஆப் அப்பா போனிலேயே தங்கிவிட்டது. வீட்டில் சோதனைக்காக அவள் தட்டிய காட்டெருமை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஆரோக்கியசாமியின் போனில் வந்து நின்றது. அவர் உடனே எல்லோரையும் தடுத்துவிட்டார். ஃபேக்டரி கேட்டுக்குள் மொத்த ஷிஃப்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் எனக்குப் போன் வந்தது, மகளுக்கு இல்லை. "ஏனுங்க மேடம், நீங்க குடுத்த லேப்டாப்பு பொய் சொல்லுதுங்க."

வெள்ளிக்கிழமை

கம்பெனிக்கு ஆப்பைக் காட்ட வேண்டிய நாள். பதினொரு மணிக்கு வீடியோவில் வருவார்கள். எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஆப்பை ஓட்ட ஆரம்பித்ததுமே லேப்டாப் அணைந்துவிடுகிறதாம்.

பழைய மெஷின், ரேம்தான் போயிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். அடியில் உள்ள சின்ன மூடியை மட்டும் கழற்றி ரேமை மாற்றிப் பார்த்தேன், அணைந்தது. சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. மணி பத்தேகால். இந்தப் பெண்ணுக்குப் பழையதைத் தலையில் கட்டிவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போது ஆரோக்கியசாமி கவுன்ட்டருக்குள்ளேயே வந்துவிட்டார். மறுபடி ஓட்டச் சொல்லி, அணைவதற்கு முன்னால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடினார். காற்று வெளியே வரவில்லை, டிரையரில் தேயிலைப் பஞ்சு அடைத்தாலும் இப்படித்தான் நின்றுபோகும் என்றார்.

அடிப்பக்கத்தை முழுதாகத் திறந்தேன். ஃபேனைச் சுற்றி மெரூன் நிறத்தில் கம்பளிப் பஞ்சு திரண்டிருந்தது. கடைக்குக் கிளம்பும்வரை சட்டையை அவர்கள் கழற்றவே இல்லை. பிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுத்தம் செய்து மூடும்போது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. என் கவுன்ட்டரில் உட்கார்ந்தே ஸ்டெல்லா பேசினாள். அப்பாவின் போனில் காட்டெருமை வந்து நின்றதும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும்தான். ஆரோக்கியசாமி மட்டும் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஃபேன் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனுங்க."

அன்றிலிருந்து எந்த லேப்டாப் ரிப்பேருக்கு வந்தாலும், ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன்னால் யாரும் பார்க்கவில்லையே என்று உறுதிசெய்துகொண்டு, உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.