பாலத்துக்கு ஆயிரம் ரூபாய்

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக வணிகவியல் நடத்துகிறேன். அதனால் எனக்குப் பொருளாதாரம் தெரியும் என்று எங்கள் காலனியில் ஒரு வதந்தி உண்டு. நானாகப் பரப்பியதல்ல, மறுத்ததும் இல்லை. பட்ஜெட் வாரத்தில் மட்டும் எனக்கு மரியாதை கூடும். தங்கம் இறங்குமா, பெட்ரோல் ஏறுமா என்பார்கள். இது மாநில பட்ஜெட், தங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் "பார்ப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் ஆழமான கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலப்பாளையத்தைத் தாண்டி, கால்வாய்க்கு ஒரு பக்கம் எங்கள் காலனி. பஸ், ஆட்டோ, மருந்துக்கடை, உலகம் எல்லாம் மறுபக்கம். நடுவில், மதகின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்க மட்டும் குறுகலாக ஒரு சிமெண்ட் நடைபாதை. சுற்றுவழி உண்டு. வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகிற மண்பாதை. அதில் ஒருமுறை வந்த ஆட்டோக்காரர் மறுமுறை வந்ததில்லை.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவர் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் மதினி, சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் மூன்று முறை பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். போகும்போது மதினி தானே மதகைக் கடந்துவிடுவார்கள். திரும்பும்போதுதான் பாடு. வாத்தியார் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, இரண்டு கைகளையும் பிடித்து, மைதானத்துக் குரலில் "லெஃப்ட், ரைட்" சொல்லிக் கூட்டி வருவார். முதல் வாரம் காலனியே சிரித்தது. பிறகு அந்த நேரத்தில் எல்லோருக்கும் வீட்டுக்குள் வேலை வந்துவிடும்.

அவர்கள் மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார் வீட்டுக்காரர். வாத்தியாருக்குத் தானே நின்று கட்டிய வீட்டை விட்டுப் போக மனமில்லை. அந்த வாரம் பார்த்துத்தான், கால்வாய்க்குக் குறுக்கே நாங்கள் மனுப் போட்டுக் கேட்டிருந்த பாலம் பட்ஜெட்டில் வந்தது.

சாயங்காலம் வெடி போட்டார்கள். மறுநாள் நன்றி அறிவித்து பிளக்ஸ் வைத்தார்கள். மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் அதில் என் படமும் இருந்தது, தலையில் முடி இருந்த காலத்துப் படம். மூன்றாம் நாள், கட்டாத பாலத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் காலனி இரண்டாகப் பிரிந்து, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வாத்தியார் வந்தார்.

"வே, ஒரு வார்த்தை சொல்லும். இருக்கவா, வீட்டப் பூட்டிட்டுப் போகவா?"

"அறிவிப்பு வந்திருக்குல்லா அண்ணாச்சி."

"வெடிச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. துட்டு வச்சிருக்கானுவளா? அதப் பாத்துச் சொல்லும்."

இப்படி ஒரு கேள்வியை என் மாணவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன். அன்று முழுவதும் செல்போனில், எந்த வேலைக்கு எவ்வளவு என்று அரசு போடுகிற மானியக் கோரிக்கைப் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். துறை துறையாகக் கணக்குத் தலைப்புகள். கோழி இருக்கிறது, கயிறு இருக்கிறது, எங்கள் பாலத்தைக் காணோம். கடைசியில் ஒரு வரியில் இருந்தது. எதிரே தொகை: 1. மேலே போய்ப் பார்த்தால், தொகைகள் எல்லாம் ஆயிரம் ரூபாயில் என்று போட்டிருந்தது. ஆக, பாலத்துக்கு ஆயிரம் ரூபாய். எங்கள் பிளக்ஸுக்கு அதைவிடக் கூடுதல் செலவு.

வாத்தியார் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"ஆயிரம் ரூவாயா? அதுல கைப்பிடிக் கம்பிகூட வாங்க முடியாதே வே!"

"அது செலவழிக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. கணக்குல ஒரு இடம் பிடிச்சு வைக்கிறது. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுதோம்லா, அது மாதிரி. பொறவு துட்டு இருந்தா அந்தத் தலைப்புல கொண்டாந்து போடுவாங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பையன்களைப் போட்டிகளுக்குக் கூட்டிப் போன காலமெல்லாம் துண்டு வீசியே சீட்டுப் பிடித்தவர்.

"சரி, துண்டு போட்டவன் ஏறுவானா?"

"கூட்டத்துல நிக்கான். ஏறவும் செய்யலாம். அதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிரவும் செய்யலாம்."

"கடன் வாங்கித்தானே எல்லாம் நடத்துதாவ? அதோட இதையும் சேத்து வாங்கிட்டா என்னவாம்?"

வகுப்பில் நான் மூன்று வாரம் இழுக்கிற பாடம். மூன்று நிமிஷத்தில் சொல்லிப் பார்த்தேன். வரவுக்கு மேல் ஆகிற செலவுக்கு, ஆகமொத்தம் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறதோ அது நிதிப் பற்றாக்குறை. அதற்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள், தாண்டக் கூடாது. கடன் வாங்கிப் பாலம் கட்டினால் தப்பில்லை, பாலம் நிற்கும். ஆனால் வாங்குகிற கடனில் ஒரு பங்கு அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. அது வருவாய்ப் பற்றாக்குறை.

"அன்னாடச் செலவுன்னா?"

"சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி."

"யாரு சம்பளம்?"

"என் சம்பளமும் அதுல உண்டு."

"யாரு பென்ஷன்?"

வாத்தியார் மீசையைத் தடவினார்.

"அப்போ நீரும் நானுந்தான் வே பாலத்துல ஏறி உக்காந்திருக்கோம்."

"நாம எந்திச்சாலும் அந்தத் துட்டு பாலத்துக்கு வந்துராது அண்ணாச்சி. அதைத் தூக்கிட்டுப் போக நெறையப் பேரு நிக்காவ."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மதினி குரல் கொடுத்தார்கள்.

"அந்தத் தம்பியப் போட்டு ஏன் படுத்துதிய? பாலம் வரும். இந்த வருஷம் இல்லாட்டா வார வருஷம் வரும். அது வர வரைக்கும் நான் நடக்கணும்லா?"

வாத்தியார் கொஞ்ச நேரம் தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரிடம் சரியென்று சொல்லச் சொன்னார்.

செய்தி பரவியதும், நல்லது நடக்கிற நேரத்தில் நான் அபசகுனமாகப் பேசிவிட்டேன் என்று காலனியில் வருத்தப்பட்டார்கள். பாலத்தின் பெயருக்காகப் பிரிந்த இரண்டு கட்சியும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அடுத்த வாரம் சாமான் ஏற்ற மினி லாரி வந்தது. டிரைவர் மண்பாதையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியை எதிர்க்கரையிலேயே நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் மதகு வழியாகச் சுமந்தோம். பீரோவை, கட்டிலை, கடைசியாக ஃப்ரிட்ஜை. அதை முன்னும் பின்னுமாக நான்கு பேர் பிடித்திருந்தோம். பின்பக்கம் நான். எனக்கு முதுகுவலி என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

எங்களுக்கு முன்னால் மதினியும், அவர்களுக்குப் பின்னாலேயே வாத்தியாரும் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி மதகில் மதினி நின்று கீழே தண்ணீரைப் பார்த்தார்கள்.

"ஏம் நின்னுட்ட? மேலுக்கு முடியலையா?" என்றார் வாத்தியார்.

"இல்ல. இன்னைக்கு ஆஸ்பத்திரி கெடையாதுல்லா. பைய போவோம். எத்தனையோ தடவ நடந்திருக்கேன், இந்தத் தண்ணிய ஒரு நாளும் நின்னு பாக்கல."

வாத்தியாரும் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தார். அந்த அகலத்தில் அவர்களைத் தாண்டிப் போக வழியில்லை. ஃப்ரிட்ஜைக் கீழே வைக்கவும் இடமில்லை. நாங்கள் நான்கு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.