தலைக்காசு

தையல்காரியின் வீட்டில் ஆள் ஒன்று. தண்ணீர் ரசீதில் ஆள் இரண்டு. மூன்று வருடமாக இப்படித்தான்.

ஓடிய தண்ணீருக்கு ஒரு காசு. வீட்டில் எத்தனை பேரோ, ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு காசு. இரண்டாவதைத் தலைக்காசு என்பார்கள். குழாயைத் திறக்காவிட்டாலும் தலைக்காசு உண்டு. வருடா வருடம் ஏறும். இந்த வருடம் ஒரேயடியாக ஒன்றரை மடங்கு.

மீட்டர் பார்க்க வந்தவள் ரசீதை நீட்டிக்கொண்டே அலுத்துக்கொண்டாள்.

"இல்லாத ஆளுக்கு எதுக்குக்கா அழுவுற? உன் தங்கச்சி போயி எத்தன வருஷம் ஆச்சு! மீட்டரப் பாத்தாலே தெரியுது, குருவி குளிச்ச மாதிரி ஓடியிருக்கு."

"வந்துடுவா."

"வந்தா சேத்துக்கலாம். பேர எடுக்க இன்னிக்குத்தான் கடைசி. போனவங்களே வாயால சொல்லணும். தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வரேன், நீ போன் போட்டு வை."

தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். குளியலறைக் கதவு கைக்கெட்டும் தூரம். இங்கே இருந்தபோது தங்கை உள்ளே போனால் லேசில் வரமாட்டாள். தண்ணீர் விழும் சத்தத்திலேயே அக்கா இரண்டு ரவிக்கைக்குக் கை வைத்து முடித்துவிடுவாள். ரசீது ஏற ஏற, அவள் கதவைத் தட்டுவதும் ஏறியது.

"தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"உனக்கும் அவர்தானே அப்பன்!"

ஒருநாள் எரிச்சலில் அக்கா வெளியே போய்க் குழாயையே அடைத்துவிட்டாள். தலை நிறைய நுரையோடு வெளியே வந்த தங்கை, துண்டால் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் வெளியூரில் வேலை தேடிக்கொண்டாள். அதன்பிறகு எப்போதாவது போன் வரும். நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க, வச்சுடறேன். அவ்வளவுதான்.

பேர் அந்த ரசீதில் இருக்கும்வரை அவள் இந்த வீட்டு ஆள். எடுத்துவிடு என்று அவளே சொல்லிவிட்டால்?

போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"இத்தன நாளா எனக்கும் சேத்தா கட்டின?" என்றாள் தங்கை. "எடுத்துடுக்கா. இங்க விடுதியில என் பேருக்கும் தலைக்காசு வாங்கறாங்க."

அதற்குள் மீட்டர்க்காரி திரும்பி வந்துவிட்டாள். போனை வாங்கிக் கேட்டாள், தாளில் ஒரு கோடு இழுத்தாள், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு கோடு. ஒரு பொத்தான் தைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வைக்கலாமா என்று தையல்காரி தடுமாறியபோது, மறுமுனையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தங்கை யாரையோ அதட்டினாள்.

"ஏய், எவ்வளவு நேரண்டி? தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?"

பிறகு குரல் தணிந்தது. "கேட்டியாக்கா? அறைக்கு மூணு பேரு. நானுந்தான் இப்ப கதவத் தட்டறேன்."

"தட்டு," என்றாள் தையல்காரி. "குழாய மட்டும் அடைச்சுடாத."

தங்கை போனை வைக்கவில்லை. தையல்காரி அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, அங்கே தண்ணீர் விழுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.