பின்னால் போகாத பஸ்

தியோஃபில் பர்காவுவின் கால்சட்டையை மட்டும் நான் இரண்டாம் முறை அலசியதில்லை. மற்ற தடுப்பாட்டக்காரர்களுடையது இடுப்பு வரை சேறாக வரும். சோடாவில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் வெளுக்கும். அவருடையதில் வியர்வையும் எங்கள் ஊர் சிமெண்டுத் தூசியும் மட்டும்தான் இருக்கும். எதிராளியின் காலடியில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றுகொள்வார். ஒரு நாள் அழுக்குத் துணிகளை வாங்கும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"விழுந்தா எந்திரிக்க நேரமாகும் வேத்தா. அதுக்குள்ள அவன் கோல் போட்டுட்டுப் போயிடுவான்," என்றார்.

அது 1983. வார்நெஷ்தி சிமெண்டு ஆலையின் கால்பந்து கிளப்பில் துணி துவைக்கும் பெண்ணாக நான், வேத்தா, சேர்ந்த வருடம். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருந்தது. நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. சலவை அறையின் சன்னலிலிருந்து மைதானமும், பஸ் நிற்கும் முற்றமும், வெளிக்கதவும் தெரியும். இருபத்தொரு வருடம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்தேன்.

ஃபிலு என்றுதான் ஊரில் அவரைக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் வந்தவர். ஆலைப் பதிவேட்டில் ஃபிட்டர் என்று பெயர் இருந்தது; ஸ்பானரை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. நாலாம் நம்பர் சட்டையில் பதினேழு சீசன் ஆடினார். நானூற்று ஒன்பது ஆட்டம், மூன்று கோல், ஒரே ஒரு சேம் சைடு கோல். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை.

"ஏ ஃபிலு! மரம் மாதிரி நிக்கிறியே, என்னிக்காவது ஏதாவது காய்ப்பியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

1985இல் தலைநகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து கறுப்புக் காரில் ஒரு ஆள் வந்தார். இயக்குநர் அறையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஃபிலு வெளியே வந்து, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஓடப் போய்விட்டார். காரும் போய்விட்டது.

"பைத்தியமாடா நீ? ஏன் வேணாம்னே?" என்று மசாஜ் போடுகிறவர் கேட்டது சன்னல் வழியே எனக்குக் கேட்டது.

"நம்ம ரைட் பேக்குக்கு முட்டி சரியில்ல. நானும் போயிட்டா பின்னால யாரு நிக்கிறது?"

அந்த ரைட் பேக் அடுத்த வருடமே கிளப்பை விட்டுப் போனான். 

அந்த சேம் சைடு கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிக்குப் போகிற பஸ், மைதானம் போய்ச் சேருகிறவரை பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் தோல்விதான் என்று எங்கள் நாட்டில் எல்லா அணியும் நம்பிக் கடைப்பிடிக்கிற வழக்கம் இது. முதல் நாள் சாயங்காலமே டிரைவர் பஸ்ஸின் மூக்கைக் கதவைப் பார்த்து நிறுத்திவிடுவார். வழி தவறினால் அடுத்த ஊர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவோமே தவிர, ரிவர்ஸ் எடுக்க மாட்டோம். 1987இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவதற்கான ஆட்டம். மசாஜ்காரரைப் பெட்ரோல் பங்கில் கழிப்பறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நினைவு வந்ததும் அப்போதிருந்த டிரைவர் ஐம்பது மீட்டர் ரிவர்ஸ் எடுத்தார். எண்பத்தெட்டாம் நிமிடம் பந்து ஃபிலுவின் முழங்காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. ஒன்று பூஜ்யத்தில் தோற்றோம். இரண்டாம் டிவிஷன் பக்கம் நாங்கள் அதற்குப் பிறகு போகவே இல்லை.

அன்றிலிருந்து ஃபிலு பஸ்ஸில் உட்கார்ந்து வந்து நான் பார்த்ததில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

1996இல் ஆட்டத்தை நிறுத்தினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மூன்று வருடம் கழித்துப் பெரிய அணியையும் அவரிடமே கொடுத்தார்கள், வேறு யாரும் வரவில்லை என்பதால். பையன்கள் அவரை மிஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பயிற்சியாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி லுக்ரேசியா கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அலுவலக போனுக்குக் கூப்பிடுவாள். "சீசன் முடியட்டும்," என்பார் ஃபிலு. ஒவ்வொரு சீசனும் முடிந்தது.

ஆலை கைமாறியது. புது முதலாளிகள் கிளப் வேண்டாம் என்றார்கள். நகராட்சி எடுத்துக்கொண்டது. 2004 வசந்தத்தில் மேயர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மூன்றாம் டிவிஷனில் நீடித்தால் கிளப் இருக்கும், கீழே இறங்கினால் மூடிவிட்டு மைதானத்தைச் சந்தைக்குக் கொடுத்துவிடுவோம். கடைசி ஆட்டம் வெளியூரில், காலை பதினொரு மணிக்கு. தோற்காமல் இருந்தால் போதும். ஒரு புள்ளி.

"ஒரு புள்ளிதான். நாம ஜெயிக்க வேண்டாம். நின்னா போதும். நிக்கறது நமக்குத் தெரியும்," என்று வெள்ளிக்கிழமை பையன்களிடம் சொன்னார்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் சாந்து முற்றத்துக்கு வந்தான். ராத்திரி யாரோ ஒரு சிமெண்டு லாரியைப் பஸ்ஸின் மூக்கில் இடிக்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். லாரியைச் சுற்றி வந்தான், கதவைத் தட்டினான், யாரும் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி, நாலைந்து மீட்டர் பின்னால் எடுத்து, வளைத்துக் கொண்டுவந்து கதவுக்கு நேராக நிறுத்தினான். இறங்கும்போது சன்னலில் என்னைப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான். நான் தலையாட்டினேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பதே காலுக்கு மலைக் கணவாயில் பஸ் நின்றது. முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்து, ரோடு முழுக்கக் கட்டைகள் உருண்டு கிடந்தன. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. அறுபது மீட்டர் பின்னால், பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியே சுற்றிப் போகும் காட்டு ரோடு பிரிகிறது. எங்களுக்குப் பின்னால் அப்போது ஒரு வண்டியும் இல்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "ஒரு மணி நேரத்துல கிரேன் வந்துரும்," என்றார்.

"காத்திருப்போம்," என்றார் ஃபிலு.

கேப்டன் ஹோரியா எழுந்து முன்னால் வந்தான். "மிஸ்டர், அறுபது மீட்டர்தான். காட்டு ரோட்டுல போனா பத்தரைக்கெல்லாம் போயிடலாம்."

"கிரேன் வருதுன்னு சொன்னாருல்ல?"

"போலீஸ்காரன் சொன்ன நேரத்துக்கு என்னைக்கு எது நடந்திருக்கு மிஸ்டர்?"

அலமாரி என்று பட்டப்பெயர் வாங்கிய கோல்கீப்பர் பின்சீட்டிலிருந்து சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம் மிஸ்டர். நாங்க எல்லாரும் திரும்பிப் பின்கண்ணாடியப் பாத்து உக்காந்துக்கறோம். அப்ப பஸ் முன்னாலதானே போகுது?"

பையன்கள் சிரித்தார்கள். ஃபிலு சிரிக்கவில்லை. "எண்பத்தேழுல நீ பொறக்கவே இல்ல," என்றார்.

"பொறந்தாச்சு மிஸ்டர். நாலு வயசு."

"அப்ப வாய மூடிட்டு உக்காரு."

சாந்து தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் துணிப்பைகளோடு கடைசியில் இருந்தேன். "காலையிலேயே பின்னால போயிடுச்சு." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் சாந்துவுக்கு வேலை போகும், பையன்களுக்கு மனசு உடையும் என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மைதான். இருபத்திரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் என் குரல் எழும்பாது என்பதும் உண்மைதான்.

ஹோரியா கட்டைகளைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்தான். அங்கே ஒரு வண்டியும் வரவில்லை, முன்னாலேயே தடுத்துவிட்டார்களாம். மைதானம் அங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். போன் போட்டார்கள். கணவாய்க்குள் சிக்னல் இல்லை.

பத்து மணி ஆயிற்று. கிரேன் வரவில்லை. ஃபிலு கம்பியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் பக்கம் குனிந்தார்.

"எடு சாந்து."

"எங்கண்ணே?"

"பின்னால எடு."

சாந்து கியரில் கை வைத்தான். பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். வைத்த கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, பாருங்க."

எங்களுக்குப் பின்னால் வளைவு வரைக்கும் வண்டிகள் நின்றன. லாரி, கார், வைக்கோல் ஏற்றிய டிராக்டர். காட்டு ரோட்டின் வாயை ஒரு சிமெண்டு டேங்கர் அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊர் ஆலையின் வண்டி. ஃபிலு கீழே இறங்கி, அந்த வரிசையின் கடைசி வரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கிரேன் வந்து கட்டைகளை அகற்றிய பிறகு கிளம்பி, பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். விதிப்படி அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, விசில் ஊதி முடித்துவிட்டு நடுவர் கிளம்பியிருந்தார். உள்ளூர் அணி வேலியோரம் அடுப்பு மூட்டிக் கறி உருண்டை வாட்டிக்கொண்டிருந்தது. மைதானக்காரர் கோல் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எங்கய்யா போயிருந்தீங்க? நீங்க இல்லாமலே மூணு கோல் போட்டுட்டோம்," என்றான் ஒருவன், வாயில் கறியோடு. ஆட வராத அணிக்கு மூன்று பூஜ்யம் தோல்வி என்று எழுதுவார்கள்.

ஃபிலு பையன்களிடம், "ஷூ போட்டுக்குங்க," என்றார்.

"எதுக்கு மிஸ்டர்?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சுல்ல."

வலை இல்லாத மைதானத்தில் அரை மணி நேரம் ஓட விட்டார். பிறகு வீட்டுக்குக் கிளம்பினோம். திரும்பி வரும்போது யாரும் கியரைப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் மூடும் உத்தரவு வந்தது. நான் கடைசித் துவையலை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபிலு சலவை அறைக்கு வந்து, ஒரு சட்டையை எடுத்து அவரும் மடிக்கத் தொடங்கினார். வேறு யாரும் இல்லாததால் என்னால் பேச முடிந்தது.

"ஃபிலு அண்ணே. அன்னிக்குக் காலையிலேயே பஸ் பின்னால போயிடுச்சு. முன்னால லாரி நின்னுச்சு. சாந்து வேற வழியில்லாம எடுத்தான். நான் பாத்தேன். சொல்லல."

அவர் கை நிற்கவில்லை. சட்டையின் கையை உள்ளே மடித்தார்.

"எத்தன மீட்டர்?"

"நாலஞ்சு இருக்கும்."

"ம்."

இன்னும் இரண்டு சட்டைகளை மடித்தார். பிறகு, "நாலாம் நம்பர் காஞ்சிருச்சா?" என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன். எடுத்துப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்தார். தனியாக எடுத்துப் போகவில்லை.

அந்த ஞாயிறு லுக்ரேசியா கூப்பிட்டாள். அலுவலகத்தில் மேசை நாற்காலியெல்லாம் போயிருந்தது. தரையிலிருந்த போனைக் குனிந்து எடுத்தார். "இப்பவாவது வாங்க" என்றிருப்பாள் போல. "புல்லு வளந்து கெடக்கு. வெட்டிட்டுப் பாக்கறேன்," என்றார்.

புதன்கிழமை பஸ்ஸை வாங்கியவர்கள் வந்தார்கள். சந்தைக்காகக் கொட்டியிருந்த ஜல்லி, பஸ்ஸின் முன்பக்கத்தை மறித்துக் குவிந்து கிடந்தது. சாந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினான், ஸ்டார்ட் செய்தான், அப்படியே உட்கார்ந்திருந்தான். வாங்கியவர் கத்தினார்: "என்னப்பா தூங்கறியா? ரிவர்ஸ்ல எடு!"

புல் வெட்டிக்கொண்டிருந்த ஃபிலு இயந்திரத்தை நிறுத்தினார். கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் போய், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றார். கையை உயர்த்தினார்.

"வா சாந்து. வா... இன்னும் வா. இடது பக்கம் ஒடி. வா, எடம் இருக்கு, வா..."

பஸ் முற்றத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, ரோட்டுக்குப் போகும்வரை அதன் பின்னாலேயே, அதே தூரத்தில், பின்வாங்கிக்கொண்டே போனார்.

"போதும்," என்றார். பஸ் நின்றது. பிறகு முன்னால் நகர்ந்து போய்விட்டது. அவர் திரும்பி வந்து, பாதியில் விட்ட வரிசையிலிருந்து புல்லை வெட்டினார்.